முட்டுச்சந்துகளின் பெருக்கம்

மைசூரு சரஸ்வதிபுரத்தில் வீடு தேடிப் போகிறவருக்குத் தெருவின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "அஞ்சாவது மெயின், எட்டாவது கிராஸ்" என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் வண்டியை எடுப்பார். மெயின்கள் ஒரு திசையில் ஓடுகின்றன, கிராஸ்கள் அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. இரண்டு எண்கள் சேர்ந்தால் ஊரில் ஓர் இடம் நிச்சயமாகிவிடுகிறது. எட்டாவது கிராஸில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தால் ஒன்பதாவது கிராஸ் வழியாகப் போகலாம். அதுவும் அடைத்திருந்தால் ஏழாவது இருக்கிறது.

அதே நகரத்தின் வெளிவட்டச் சாலைக்குப் போனால் முகவரி சொல்லும் விதமே மாறிவிடும். "ரிங் ரோட்டுல பெட்ரோல் பங்க் தாண்டினதும் ஒரு ஆர்ச் வரும். உள்ள வந்து கடைசி வரைக்கும் போய் லெஃப்ட்ல திரும்புங்க. அதுக்கு மேல ரோடு இல்ல." இது முகவரி என்பதைவிட ஒரு வழிச்சரடு. சரட்டின் ஒரு முனை பெருஞ்சாலையில், மறுமுனை மதில்சுவரில். இடையில் மாற்றுவழி என்று ஒன்று கிடையாது.

இரண்டு முகவரிகளுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நகர வளர்ச்சி இருக்கிறது. 1901-இல் மைசூரின் மக்கள்தொகை 70,000-ஐத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 10 லட்சத்தை நெருங்கிவிட்டன. ஊர் பெருத்ததில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது, பெருக்கும்போது தெருக்கள் ஒன்றையொன்று தொடுவதை எப்போது, ஏன் நிறுத்திக்கொண்டன என்பது.

சரஸ்வதிபுரம் மாதிரியான பேட்டைகளுக்குப் பின்னால் இருந்தது கொள்ளைநோய் பற்றிய அச்சம். 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், 1898-இல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. நெருக்கமான பேட்டைகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாததே நோய்க்குக் காரணம் என்று அன்றைய அதிகாரிகள் நம்பினார்கள். பம்பாயில் 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. பெங்களூரில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் கட்டங்கட்டமாக அளந்து உருவாக்கப்பட்டன. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பேற்ற மறு ஆண்டு, 1903-இல், மைசூரிலும் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் தொடங்கப்பட்டது. கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியே புதிய பேட்டைகளுக்கு மாறின. சாமராஜபுரம், லக்ஷ்மிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் என்று ஊர் விரிந்தது. காற்று வரத் திறந்துவிட்ட தெருக்கள் மனிதர்கள் வரவும் திறந்திருந்தன. இணைப்பு என்பது அந்தத் திட்டத்தின் தற்செயலான விளைவுதான். ஆனால் நூறாண்டாகப் பலன் தருவது அதுவே.

இந்தப் பேட்டைகளின் வீடுகளுக்குப் பின்புறம் இன்னொரு தெருவும் ஓடியது. அதன் பெயர் கன்சர்வன்சி சந்து. உலர் கழிப்பறைகளிலிருந்து மலம் அள்ளும் தொழிலாளர்கள் முன்வாசல் பக்கம் வராமல் இருப்பதற்காகவே வகுக்கப்பட்ட வழி அது. எல்லாத் தெருவும் எல்லாத் தெருவையும் தொட்ட அந்த அழகான வரைபடத்திலும் யார் எந்த வழியில் நடக்கலாம் என்ற சாதிக் கணக்கு அச்சாகியிருந்தது என்பதை மறைத்துவிட்டுப் பழைய மைசூரைப் பாராட்ட முடியாது.

தெருக்களின் இணைப்பை அளப்பது எப்படி? இதன் வேர் 1736-க்குப் போகிறது. கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் 7 பாலங்களையும் ஒரு பாலத்தில் இருமுறை கால்வைக்காமல் கடந்துவர முடியுமா என்ற புதிரை எடுத்துக்கொண்ட லியோன்ஹார்ட் ஆய்லர், பாலங்களின் நீள அகலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. எது எதோடு சேர்கிறது என்பதை மட்டும் பார்த்தார், முடியாது என்று நிறுவினார். அங்கே பிறந்த கணிதத் துறைதான் இன்றைக்கும் தெருவலையை ஆராய உதவுகிறது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு முனை. இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெரு ஒரு கோடு. ஒரு முனையில் எத்தனை கோடுகள் கூடுகின்றனவோ அதுவே அதன் படி. நாற்சந்திக்குப் படி 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்தின் கடைசிப் புள்ளிக்கு 1. ஒரு பேட்டையின் சராசரிப் படியைக் கணக்கிட்டாலே அதன் குணம் பாதி தெரிந்துவிடும்.

வரிசைக்கு 5 வீதம் 5 வரிசையாக 25 சந்திப்புகள் உள்ள ஒரு பேட்டையை எடுத்துக்கொள்வோம். எந்தச் சந்திப்பும் தனித்துவிடாமல் சேர்ப்பதற்குக் குறைந்தபட்சம் 24 தெருத்துண்டுகள் போதும். கணிதக்காரர்கள் இதை மரம் என்பார்கள்: கிளையிலிருந்து கிளைக்குத் தாவ முடியாது, அடிமரத்துக்கு வந்துதான் போக வேண்டும். அதே 25 சந்திப்புகளையும் முழுக் கட்டங்களாகப் பின்னினால் 40 துண்டுகள் வேண்டும். கூடுதலாகச் செலவழித்த அந்த 16 துண்டுகள் தருவது என்ன? மரத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரே வழி. கட்டப் பின்னலில் சுற்றாமல் போகும் வழிகள் மட்டும் 70. மரத்தில் எந்த ஒரு துண்டை அடைத்தாலும் சில வீடுகள் துண்டிக்கப்படும். பின்னலில் ஒரு தெருவை அடைத்தால் ஒருவருக்கும் வழி போகாது.

தூரக் கணக்கும் இப்படித்தான். சீரான சதுரக் கட்டங்களில் நடக்கிறவர், எந்தத் திசையில் போனாலும், பறவை பறக்கும் நேர்த்தூரத்தைப்போல் ஏறக்குறைய 1.41 மடங்குக்கு மேல் நடக்க நேராது, சராசரி 1.27 மடங்கு. மரத்துக்கு அப்படி உச்சவரம்பே இல்லை. ரிங் ரோட்டில் 300 மீட்டர் இடைவெளியில் வாசல் வைத்த இரண்டு மனைப்பிரிவுகள், ஒவ்வொன்றும் உள்ளே 600 மீட்டர் போகிறது, பின்கோடியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு மதில்சுவர் என்று வைத்துக்கொள்வோம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் அதன் வகுப்புத் தோழி. 10 மீட்டர் தொலைவில் இருக்கும் தோழியின் வீட்டுக்கு 1,500 மீட்டர் போக வேண்டும், அதுவும் லாரி ஓடும் சாலையோரமாக. எந்த அம்மா நடத்தி அனுப்புவார்? ஸ்கூட்டரை எடுப்பார்.

நேராக இருந்தால்தான் இணைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மதுரையைப் பார்த்தால் தெரியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றுக்கு வெளியே ஆவணி மூல வீதிகள், பிறகு மாசி வீதிகள், அதற்கும் அப்பால் வெளி வீதிகள். ஒன்றும் அளவுகோல் வைத்து இழுத்த கோடு இல்லை. வளைந்தும் நெளிந்தும் கிடக்கின்றன. ஆனாலும் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போகச் சந்துகள் ஏராளம். தேர் போக ஒரு வழி, பூக்கூடைக்காரர் போக ஒன்பது வழி. மாறாக, புதிய மனைப்பிரிவு ஒன்றின் உட்சாலைகள் நூல்பிடித்தாற்போல் 30 அடி, 40 அடி அகலத்தில் அமைந்திருக்கும். வெளியேற ஒரே வாசல். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவது கணக்கில் முட்டுச்சந்தாக நிற்கிறது.

இது மைசூருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீயும் கலிபோர்னியாவின் ஆடம் மில்லர்ட்-பாலும் இந்தக் கேள்வியை உலகம் முழுவதற்குமாகக் கேட்டார்கள். தன்னார்வலர்கள் வரைந்து வளர்த்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தின் தெருக்களை எடுத்துக்கொண்டார்கள். 1975, 1990, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் எந்த நிலம் கட்டடமாகியிருந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்து, தெருக்களோடு பொருத்தினார்கள். இப்படிச் செய்ததால் ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் அது எந்தக் காலத்தில் பிறந்தது என்ற வயது கிடைத்தது. முட்டுச்சந்துகளின் பங்கு, சந்திப்புகளின் படி, சுற்றிப் போக வேண்டிய அளவு, தெருவின் நெளிவு முதலியவற்றைச் சேர்த்து ஒரே குறியீடாக்கினார்கள். 2020-இல் வெளியான அவர்களுடைய முடிவு: உலகின் பெரும்பகுதிகளில் புதிதாகக் கட்டப்படும் தெருக்கள் முந்தைய தலைமுறைத் தெருக்களைவிடக் குறைவாகவே இணைந்திருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் வாசல் வைத்த குடியிருப்புகள் இந்தப் போக்கைத் தூக்கிப்பிடிக்கின்றன. ஜப்பான், தென்னமெரிக்காவின் சில நாடுகள் இன்னமும் இணைந்த தெருக்களைக் கட்டிவருகின்றன.

அமெரிக்காவின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அதே இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. அந்த உச்சம் தானாக வந்ததில்லை. 1929-இல் நியூ ஜெர்சியின் ராட்பர்ன் குடியிருப்பைக் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். கார்களுக்கு முட்டுச்சந்து, நடப்பவர்களுக்குப் பூங்கா வழியே தொடர்ந்து ஓடும் பாதை என்பது அவர்கள் எண்ணம். அதைப் பார்த்துக் கட்டியவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். 1930-களில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த அமெரிக்க அரசு நிறுவனம், கட்டத் தெருக்கள் கெட்டவை, வளைவுத் தெருக்களும் முட்டுச்சந்துகளும் நல்லவை என்று படம் போட்டே வழிகாட்டியது. கடன் எந்தப் பக்கம் போகிறதோ தெருவும் அந்தப் பக்கம் வளைந்தது.

இந்தியாவில் காரணம் வேறு. இங்கே யாரும் முட்டுச்சந்தை ஒரு கொள்கையாக வகுக்கவில்லை. ஒரு விவசாயியின் 4 ஏக்கர் கைமாறுகிறது. வாங்கியவர் தன் சர்வே எண்ணின் எல்லைக்குள் 30-க்கு 40 மனைகளாகப் பிரிக்கிறார். பக்கத்து நிலத்தில் இன்னும் கேழ்வரகு நிற்கிறது. அந்தப் பக்கம் சாலை விட்டால் ஒரு மனையின் விலை நட்டம். ஐந்து வருடம் கழித்து அந்தக் கேழ்வரகு நிலமும் விற்கப்படும்போது நடுவில் மதில் எழுந்திருக்கும், மனை வாங்கியவர்கள் "நம்ம லேஅவுட்டுக்குள்ள ஏன் அவங்க வரணும்?" என்பார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நியாயமானதைச் செய்கிறார்கள். எல்லாம் சேரும்போது பல நூறு குடும்பங்களின் பால், பள்ளி, பேருந்து எல்லாம் ஒரே சாலையின்மேல் வந்து விழுகிறது. வயலுக்கும் ஊருக்கும் நடுவில் காலங்காலமாக இருந்த வண்டிப்பாதைகளும் இந்த மதில்களுக்குள் கரைந்துவிடுகின்றன.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. கர்நாடகத்தில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அப்படி ஒப்படைக்கப்பட்ட சாலை பொதுச்சாலை, வாசலில் காவல் வைத்துப் பிறரைத் தடுக்க முடியாது என்று 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு வாசலைத்தான் திறக்கும். பின்கோடியில் தெருவே வகுக்கப்படாத இடத்தில் எந்தத் தீர்ப்பும் தெருவை உண்டாக்காது.

இணைப்பு குறைந்தால் இழப்பு யாருக்கு? ரீட் யூயிங், ராபர்ட் செர்வெரோ இருவரும் பல பத்து ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட அலசலில், மக்கள் நடப்பதோடு மிக வலுவாகத் தொடர்புடையவற்றில் ஒன்றாக நின்றது சந்திப்புகளின் நெருக்கம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 80 முதல் 100 சந்திப்புகளாவது வேண்டும் என்று ஐ.நா.வின் மனிதக் குடியிருப்பு அமைப்பும் 2013-இல் சொன்னது. 100 மீட்டருக்கு ஒரு தெரு வெட்டினால் கிடைக்கும் எண்ணிக்கை அது. பேருந்துக்கும் முட்டுச்சந்து பகை. உள்ளே போன பேருந்து வந்த வழியே திரும்பியாக வேண்டும் என்றால் வழித்தடம் நீளும், நேரம் கரையும். ஆகவே பேருந்து பெருஞ்சாலையிலேயே நின்றுவிடும். காரில்லாதவர், முதியவர், கைக்குழந்தைக்காரி ஆகியோர் வெயிலில் அந்த 600 மீட்டரைக் கடக்க வேண்டியதுதான். இந்தச் செலவு மனைவிலையில் எங்கும் எழுதப்படுவதில்லை.

தெருவுக்கு அடியில் போகும் குழாயும் தெருவின் வடிவத்தையே பின்பற்றும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தெரு முட்டினால் குடிநீர்க் குழாயும் பெரும்பாலும் முட்டும். கடைசி வீட்டுக் குழாயில் நீர் ஓட்டம் மந்தமாகி, குளோரின் வீரியம் குறையும், வண்டல் படியும். வளையமாகச் சுற்றிவரும் குழாயில் இரண்டு பக்கமிருந்தும் நீர் வரும். ஒரு பக்கம் பழுதானால் அந்தத் துண்டை மட்டும் அடைத்துவிட்டு மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் விடலாம்.

பெரிய சாலை போட்டுவிட்டால் இணைப்பு கூடிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, சுமார் 118 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை இரண்டு நகரங்களையும் மிக நெருக்கமாக்கியது உண்மை. ராமநகரா, சென்னபட்டணா, மண்டியா போன்ற ஊர்களை அது ஒதுங்கிக் கடக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் நடுப்பாதையில் இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் இடமில்லை. விபத்துகளைப் பார்த்தால் அந்தத் தடை சரியானதே. ஆனால் சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலும் உள்ளவருக்கு, வேலி போட்ட அந்தச் சாலை ஒரு ஆறு மாதிரி. சுரங்கப்பாதை இருக்குமிடம் தேடிப் போக வேண்டும். தூரத்து ஊர்களைச் சேர்க்கும் கோடு அருகிலிருக்கும் வீடுகளைப் பிரிக்கவும் செய்கிறது. மைசூரைச் சுற்றி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலையும் இதே இரட்டை வேலையைச் செய்கிறது. அதன்மேல் எத்தனை மனைப்பிரிவுகள் தொற்றிக்கொண்டாலும், அவை தமக்குள் கைகோத்துக்கொள்ளாதவரை, மொத்தச் சுமையும் அந்த ஒற்றைச் சாலைக்குத்தான்.

இணைந்த தெருவுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் மதிக்க வேண்டும். வழி திறந்தால் குறுக்குவழி தேடும் கார்கள் வீட்டு வாசலில் சீறிப் பாயும். தெருவில் குழந்தைகள் விளையாட முடியாது. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு விடை, காரையும் காலையும் வேறு வேறாக நடத்துவது. பார்சிலோனாவில் இல்டெஃபோன்ஸ் செர்தா 1859-இல் வகுத்த கட்டங்களில், 2016 முதல் சில கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து உள்ளே வண்டிகளின் ஓட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் எல்லா வழியும் திறந்தே இருக்கிறது. இணைந்திருக்கும் வலையில் தடுப்புக்கல் நட்டு ஒரு தெருவை அமைதியாக்குவது ஒரு நாள் வேலை. முட்டி நிற்கும் மதிலைத் திறப்பதற்கு நடுவில் இருக்கும் வீட்டை வாங்கியாக வேண்டும்.

தெருவின் ஆயுள் அப்படிப்பட்டது. 1666 தீயில் லண்டன் நகரின் பெரும்பகுதி எரிந்தபோது கிறிஸ்டோபர் ரென் புதிய தெருத்திட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தார். ஊர் பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி எழுந்தது. 1906 நிலநடுக்கத்துக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவிலும் அதுதான் நடந்தது. வீடு எரிந்தாலும் நிலத்தின் எல்லைக்கல் எரிவதில்லை. எனவே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அந்த ஒரு கையெழுத்து, பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போவார்கள் என்பதைத் தீர்மானிக்கும் கையெழுத்து.

நில உரிமையாளர்கள் தனித்தனியாக இருந்தும் தெருக்களைச் சேர்க்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே நூறாண்டுப் பழக்கம் உள்ளது. பம்பாய் நகரத் திட்டச் சட்டம் 1915-இல் வந்தது. அதன் வழியில் குஜராத்தில் இன்றும் நகரத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. பல விவசாயிகளின் நிலத்தை வரைபடத்தில் ஒன்றாக்கி, முதலில் சாலைகளையும் பூங்காவையும் பொதுவிடங்களையும் குறித்துவிட்டு, மிச்சத்தைச் சீரான மனைகளாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். நிலத்தின் பரப்பு குறையும், சாலை வந்ததால் மதிப்பு கூடும். அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படி வளர்ந்ததுதான். ஜப்பானும் இதே முறையைப் பரவலாகக் கையாண்டது. உலக ஆய்வில் அதன் தெருக்கள் நல்ல பெயர் வாங்கியதில் இதற்குப் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. ஏற்கெனவே கட்டி முடிந்த இடங்களுக்கு வேறு மருந்து வேண்டும். 1915-இல் சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்த பேட்ரிக் கெடிஸ், தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் அகலச் சாலையைப் பிளந்துகொண்டு போகும் திட்டத்தை ஏற்கவில்லை. பாழடைந்த ஒரு வீடு, வெற்றுமனை ஒன்று என்று தேடிப் பார்த்து, அங்கங்கே சிறு திறப்புகளை உண்டாக்கி, இருக்கும் சந்துகளைச் சேர்க்கச் சொன்னார். இன்றைய மதில்களுக்கும் அதே வைத்தியம் பொருந்தும்: ஒரு மனை அகலத்தில், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும் ஒரு வழி.

இதெல்லாம் பெருநகரத்துச் சமாசாரம் என்று கௌதள்ளி மாதிரியான ஊர்கள் ஒதுங்க முடியாது. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கௌதள்ளி. இந்தப் பகுதி 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூரு மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மலையேறும் கூட்டம் இந்தச் சாலையில்தான் வர வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் வளர்ச்சி முதலில் சாலையோரமாகவே நீளும்: கடைகள், பிறகு கடைகளுக்குப் பின்னால் சைட்டுகள், ஒவ்வொரு சைட்டுக் கூட்டத்துக்கும் பெருஞ்சாலையில் ஒரு வாசல். மைசூரின் ரிங் ரோட்டில் நடந்தது சிறிய அளவில் இங்கேயும் நடக்கலாம்.

இங்கே செய்ய வேண்டிய வேலைக்குப் பெரிய செலவு கிடையாது. கிராமத்தின் சர்வே வரைபடத்தில் வண்டிப்பாதைகள் இன்னும் கோடாக இருக்கின்றன. பெருஞ்சாலைக்கு இணையாக இரண்டு தெரு, அவற்றை 100 மீட்டருக்கு ஒருமுறை வெட்டும் குறுக்குத் தெருக்கள் என்று பஞ்சாயத்து ஒரு தாளில் வரைந்து, அடுத்து வரும் ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் பங்குத் துண்டை அந்தக் கோட்டின்மேல் விட்டாக வேண்டும் என்று கேட்கலாம். பக்கத்து நிலத்தில் இன்றைக்குக் கேழ்வரகு நின்றாலும், தெரு எல்லைவரை போய்த் திறந்தே நிற்க வேண்டும், கோடியில் ஒரு மனையும் விற்கக் கூடாது. எல்லைக்கல் நடுவதற்கு முன் கேட்டால் இதற்குத் தேவைப்படுவது ஒரு பென்சில் கோடு.